உடைந்த விளக்குத் துண்டின் சாட்சியம்: சென்னையில் வாகன நெகிழிச் சிதறல்களின் வேதியியல் தடய ஆய்வு – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மோதிவிட்டு நிற்காமல் சென்ற வாகனத்தைக் கண்டறிவதற்கு, அது சாலையில் விட்டுச்சென்ற உடைந்த பாகங்களே பல வழக்குகளில் எஞ்சும் ஒரே சாட்சி. 19ஆம் நூற்றாண்டில் நஞ்சு ஆய்வுக்கெனத் தோன்றிய சென்னை மாகாண வேதியியல் பரிசோதகர் பணியிலிருந்து, இன்று மயிலாப்பூர்க் காமராசர் சாலையில் இயங்கும் தடய அறிவியல் துறை வரையிலான நிறுவன வரலாற்றின் பின்புலத்தில் இக்கட்டுரை அச்சாட்சியத்தை ஆராய்கிறது. வாகனங்களின் கட்டுமானம் எஃகு, கண்ணாடி ஆகியவற்றிலிருந்து நெகிழிக்கு மாறியபோது தடய ஆய்வின் அடிப்படை வினாவும் மாறியது என்பதும், அம்மாற்றத்தைச் சட்டமும் அறிக்கை மொழியும் முழுமையாக உள்வாங்கவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச் சொற்கள்: தடய அறிவியல், வேதியியல் பரிசோதகர், நெகிழி, அகச்சிவப்பு நிறமாலையியல், மோதிவிட்டுத் தப்பிய விபத்து, இழப்பீடு, மயிலாப்பூர்.

முன்னுரை

ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 30,486 பேர், மோதிய வாகனம் நிற்காமல் சென்றுவிட்ட விபத்துகளில் இறந்தவர்கள். ஏறத்தாழ 18 விழுக்காடு. அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் நின்றது. 64,105 விபத்துகள் இங்கு நிகழ்ந்தன.

இத்தகைய விபத்தொன்று நள்ளிரவுக்குப் பின் சர்தார் பட்டேல் சாலையிலோ சாந்தோம் நெடுஞ்சாலையிலோ நிகழ்கிறது எனக் கொள்வோம். கண்கண்ட சாட்சி இல்லை. கண்காணிப்புக் கருவியின் பதிவில் வண்டியின் எண் தெளிவில்லை. சாலையில் கிடப்பவை சிவப்பு நிறத்தில் இரண்டு மூன்று சில்லுகள், கருநிறத் துண்டு ஒன்று, வண்ணப்பூச்சின் செதில்கள். விடிந்தால் மாநகராட்சியின் துப்புரவுப் பணியாளர் அவற்றைக் கூட்டி அள்ளிவிடுவார். அச்சில்லுகள் என்ன சொல்லக்கூடும், எவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடும், அதைக் கேட்க யாருக்குக் கடமை உண்டு என்னும் மூன்று வினாக்களே இக்கட்டுரைக்கு அடிப்படை.

‘நெகிழி’ என்னும் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு இங்குத் தேவைப்படுகிறது. பிளாஸ்டிக் என்பதற்கு இன்று நிலைபெற்றுவிட்ட இச்சொல் நெகிழும் தன்மையைச் சுட்டுகிறது. தடய ஆய்வாளரின் மேசைக்கு வருவதோ நெகிழாமல் நொறுங்கிய நெகிழி. சங்க நூல்களில் ‘ஞெகிழி’ எனின் கொள்ளிக்கட்டை என்பதையும் தமிழாய்வாளர் அறிவர். சொல்லின் பொருத்தம் எவ்வாறாயினும், வழக்கில் வேரூன்றிவிட்டதால் இக்கட்டுரையிலும் அதுவே ஆளப்படுகிறது. வேதியியல் நோக்கில் பேசுமிடத்து மட்டும் ‘பலபடி’ என்னும் சொல் வரும்.

வேதியியல் பரிசோதகரின் மேசை

இந்தியாவின் முதல் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் நிறுவப்பட்டது. கல்கத்தாவில் 1853ஆம் ஆண்டும், ஆக்ராவில் 1864ஆம் ஆண்டும், பம்பாயில் 1870ஆம் ஆண்டும் இத்தகைய ஆய்வகங்கள் தோன்றின. இவை காவல்துறையின் உறுப்புகளாக அல்லாமல் மருத்துவ, சுகாதார நிருவாகத்தின் கிளைகளாகவே பிறந்தன. இறந்தவரின் உள்ளுறுப்புகளில் பாடாணம் உண்டா, அபின் உண்டா, ஊமத்தையோ அரளியோ உண்டா என்று கண்டு சொல்வதே அவற்றின் முதற்பணி. பாடாணத்தை மிகச் சிற்றளவிலும் காட்டிக்கொடுக்கும் சோதனையை ஜேம்ஸ் மார்ஷ் 1836இல் வெளியிட்டிருந்தார். சென்னை ஆய்வகம் தோன்றியபோது அச்சோதனைக்கு வயது 13 மட்டுமே.

அக்காலத்து ஆய்வாளரிடம் கேட்கப்பட்ட வினாவின் வடிவம் கருதத்தக்கது. நஞ்சு உண்டா, இல்லையா என்பது அது. குடுவையில் இருப்பது பாடாணம் எனின், அது எந்தக் கடையில் வாங்கியது என வேதியியல் பரிசோதகர் சொல்ல வேண்டியதில்லை. பொருளை இன்னதென அறிதலோடு அவர் கடமை முடிந்தது. நீதிமன்றமும் அவ்வாறே எதிர்பார்த்தது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 510ஆம் பிரிவு, வேதியியல் பரிசோதகரின் கையொப்பமிட்ட அறிக்கையை அவர் நேரில் வந்து சாட்சியம் சொல்லாமலேயே சான்றாகக் கொள்ள இடமளித்தது. ஆம், இல்லை என்னும் விடைக்கு அந்த ஏற்பாடு பெரிதும் பொருந்தியது. மாகாணம் முழுவதற்கும் ஓர் ஆய்வகம் என்றிருந்த நிலையில் ஆய்வாளரை ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்துக்கும் அலைக்கழிப்பது நடவாத செயலும்கூட.

1973ஆம் ஆண்டின் சட்டத்தில் 510ஆம் பிரிவு 293ஆம் பிரிவாயிற்று. 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 329ஆம் பிரிவு. மூன்றிலும் ‘வேதியியல் பரிசோதகர்’ என்னும் பதவிப் பெயர் முதலிடத்திலேயே நிற்கிறது. மாநிலத் தடய அறிவியல் ஆய்வகத்தின் இயக்குநரும் அவருக்கு அடுத்த நிலையினரும் பின்னர்ச் சேர்க்கப்பட்டவர்கள். நஞ்சு ஆய்வுக்காக உருவான சலுகை, ஒப்பீட்டு ஆய்வுக்கும் அப்படியே நீண்டது. இந்நீட்சி பெரிதாகக் கவனிக்கப்படாமலேயே நிகழ்ந்துவிட்டது; இதன் விளைவு பின்னர்ப் பேசப்படும்.

சென்னையில் அச்சான கையேடு

தடயங்களைப் பற்றிய புதிய சிந்தனை சென்னைக்கு மிகத் தாமதமாக வந்தது எனக் கருதுவது பிழை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் புலனாய்வு நீதிபதியாகப் பணியாற்றிய ஹான்ஸ் கிராஸ், 1893இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கையேடு குற்றப் புலனாய்வியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக உலகெங்கும் மதிக்கப்படுவது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு லண்டனில் தோன்றவில்லை, சென்னையில் தோன்றியது. சென்னையில் அரசு வழக்குரைஞர்களாகப் பணியாற்றிய ஜான் ஆடம், ஜே. காலியர் ஆடம் இருவரும் இந்திய, குடியேற்ற நாட்டு நடைமுறைகளுக்கு ஏற்பத் தழுவி மொழிபெயர்த்த அந்நூலை, 1906இல் சென்னையின் ஏ. கிருஷ்ணமாச்சாரி வெளியிட்டார். ஆங்கிலம் வழங்கும் நாடுகள் கிராஸை அறிந்துகொண்டது இந்தச் சென்னைப் பதிப்பின் வழியாகவே.

எட்மண்ட் லோக்கார்ட் பிரான்சின் லியோன் நகரத்தில் தம் ஆய்வகத்தைத் தொடங்கியது 1910இல். அதாவது இந்நூல் வெளிவந்து நான்காண்டுகளுக்குப் பின். தொடர்பு கொள்ளும் இரு பொருள்கள் ஒன்றின் சுவட்டை மற்றொன்றில் விட்டுச் செல்கின்றன என்னும் அவருடைய கொள்கை இன்று ஒவ்வொரு பாடநூலின் முதற்பக்கத்திலும் உண்டு. வாகன விபத்து அக்கொள்கைக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. எனினும், 1906இல் சென்னையில் மோட்டார் வாகனம் ஒரு காட்சிப்பொருளாகவே இருந்தது. அண்ணா சாலையின் சிம்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்திருந்தார். சாலையில் விழும் சில்லுகளை வைத்து வண்டியைத் தேட வேண்டிய தேவை அன்று எழவில்லை. ஊரிலிருந்த வண்டிகளின் உடைமையாளர்கள் யார் யார் என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது.

விடுதலைக்குப் பின், கல்கத்தாவில் 1952இல் தொடங்கப்பட்டதே முதல் மாநிலத் தடய அறிவியல் ஆய்வகம். சென்னையின் பழைய வேதியியல் பரிசோதகர் மரபும் படிப்படியாகத் தடய அறிவியல் துறையாக வளர்ந்து மயிலாப்பூரில் நிலைகொண்டது. சிதறல்களிலிருந்து முழுமையை மீட்டெடுக்கும் பணியில் இத்துறை நாடறிந்த பெயரைப் பெற்றது 1991 மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த குண்டுவெடிப்புக்குப் பின்னரே. துறையின் இயக்குநராக அப்போதிருந்த பா. சந்திரசேகரன், துணிக் கிழிசல்கள், கம்பிகள், மின்கலத் துண்டு, எஃகுக் குண்டுமணிகள் ஆகியவற்றைக் கொண்டு உடலில் அணிந்த வெடிகுண்டின் அமைப்பை மீட்டுருவாக்கினார். அவ்வழக்கின் சான்றுகள் குறித்த பிற்காலச் சட்ட விவாதங்கள் வேறு; அவை இங்குத் தொடப்படவில்லை. சில்லுகளை எண்ணிச் சேர்த்துப் பொருத்திப் பார்க்கும் பொறுமையே ஆய்வுமுறையின் உயிர் என்பதை அவ்வழக்கு பொதுமக்களுக்கு உணர்த்தியது. ஆனால் அத்தகைய பொறுமையும் ஆள்பலமும் ஒரு பெருந்தலைவரின் மரணத்துக்குக் கிடைக்கும் அளவில், சைக்கிளில் வீடு திரும்பிய காவலாளியின் மரணத்துக்குக் கிடைப்பதில்லை என்பதையும் நாம் அறிவோம்.

கண்ணாடியிலிருந்து நெகிழிக்கு

சென்னை வாகனத் தொழிலின் பழைய நகரம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் 1961 முதல் வண்டலூர்ப் பகுதியில் உருவாயின. அக்காலத்துக் கார்களின் முகப்பு விளக்கு கண்ணாடி. மோதுதாங்கி குரோமியம் பூசிய எஃகு. அம்பாசடரும் அவ்வாறே. விபத்து நிகழ்ந்த இடத்தில் கண்ணாடிச் சில்லுகளும் வண்ணச் செதில்களுமே கிடைத்தன. கண்ணாடியை ஒப்பிடும் முறை நன்கு வகுக்கப்பட்டிருந்தது: ஒளிவிலகல் எண், அடர்த்தி, உடைந்த விளிம்புகளின் பொருத்தம். பின்விளக்கின் சிவப்பு மூடி மட்டும் வெகு முன்பே நெகிழியாயிற்று. 1930களில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் வணிகப் பொருளான அக்ரிலிக், அதாவது பாலிமெதில் மெதாக்ரிலேட், நிறம் மங்காமல் ஒளியைக் கடத்தும் இயல்பால் அவ்விடத்தைப் பிடித்தது.

பெருமாற்றம் பிறகு வந்தது. 1983இல் அமெரிக்கா முகப்பு விளக்கின் விதிகளைத் தளர்த்தியதும், கண்ணாடிக்கு மாற்றாகப் பாலிகார்பனேட் மூடிகள் பரவின. இந்தியாவில் 1990களுக்குப் பின் அது விரைந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தபோது, அதன் மோதுதாங்கிகளில் பழைய குரோமிய எஃகு இல்லை. பாலிபுரோப்பிலீனோடு ரப்பர்த் தன்மையுள்ள பலபடியும் டால்க் என்னும் மாக்கல் தூளும் கலந்த கலவையே இன்றைய மோதுதாங்கிகளில் பெருவழக்கு. முகப்புக் கம்பிவலைக்கும் பக்கக் கண்ணாடியின் உறைக்கும் ஏபிஎஸ். காற்றறைகளுக்கும் விசிறிக்கும் நைலான். ஸ்கூட்டரின் முன்தகடும் இரும்பாக இருந்த காலம் போய் நெகிழியாகிவிட்டது.

இம்மாற்றத்துக்குத் தேவையான அறிவு தென்சென்னையிலேயே குவிந்திருந்தது என்பது வரலாற்றாய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தி. அடையாற்றில் 1948இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், தோலென்னும் இயற்கைப் பலபடியிலிருந்து தொடங்கிச் செயற்கைப் பலபடிகளின் வேதியியலுக்கும் இடமளித்தது. 1968இல் ஐக்கிய நாடுகளின் உதவியோடு கிண்டியில் தொடங்கப்பட்ட மத்திய நெகிழிப் பொறியியல் நிறுவனம், வார்ப்பு அச்சு செய்வோரையும் சோதனையாளரையும் பயிற்றுவித்தது. இடையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம். காமராசர் சாலையிலோ, தடய அறிவியல் துறையிலிருந்து சிறிது வடக்கே சென்றால் மாநிலக் கல்லூரி. 1907இல் அங்கு முதுகலை முடித்த சி.வி. ராமன், 1928இல் கல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறல் விளைவு இன்று நெகிழியின் நிறமிகளை இனம் காணப் பயன்படும் கருவிகளுக்கு அடிப்படை. நான்கைந்து கிலோமீட்டர்ச் சுற்றளவில் இத்தனை நிறுவனங்கள் இருந்தும், வாகன நெகிழிகளின் மாதிரிகளைத் தொகுத்து வைக்கும் கூட்டுமுயற்சி இவற்றின் அடையாளப் பணிகளுள் ஒன்றாக வளரவில்லை. கனடாவின் அரசக் காவல்துறை வாகன வண்ணப்பூச்சுகளுக்கெனப் பன்னாட்டுத் தரவுத்தளம் ஒன்றைப் பல பத்தாண்டுகளாகப் பேணி வருவதோடு இதனை ஒப்பிடலாம்.

சில்லு ஆய்வுக்குள்ளாகும் முறை

வேதியியலைத் தொடங்குவதற்கு முன் ஆய்வாளர் செய்ய வேண்டியது, பொருத்திப் பார்த்தல். சாலையில் கிடைத்த துண்டின் உடைந்த விளிம்பு, ஐயத்துக்குரிய வண்டியில் எஞ்சியிருக்கும் விளக்கின் விளிம்போடு வளைவுக்கு வளைவு இசைந்தால், வேதியியல் சொல்லக்கூடிய எதனையும்விட அது வலிமையான சான்று. உடைவின் கோடு இருமுறை ஒரே விதமாக அமைவதில்லை. அடுத்ததாக எழுத்துகள். விளக்கு மூடிகளில் பெரும்பாலும் தயாரித்தவரின் பெயரும் ஒப்புதல் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். நெகிழிப் பாகங்களின் உட்புறத்தில் பாக எண், வார்ப்பு அச்சின் அறை எண், வார்த்த மாதத்தைக் காட்டும் சிறு வட்டம், ஐ.எஸ்.ஓ. 11469 தரத்தின்படி பலபடியின் வகையைக் குறிக்கும் எழுத்துகள் ஆகியவை இருப்பதுண்டு. கைந்நகம் அளவுத் துண்டில் இவற்றுள் ஒன்று தப்பிப் பிழைத்திருந்தாலும் வண்டியின் மாதிரி தெரிந்துவிடும். எந்தக் கருவியும் இல்லாமல், ஒரு கைவில்லையைக் கொண்டு செய்யத்தக்க இந்த ஆய்வை, கருவிகளின் பெருமையில் நாம் மறந்துவிடுகிறோம்.

பொருந்துவதற்கு ஏதும் இல்லாதபோதுதான் வேதியியல் தலைமை ஏற்கிறது. அகச்சிவப்பு நிறமாலைமானி இதில் முதற்கருவி. மாதிரியை அழிக்காமல், ஒரு படிகத்தின்மேல் அழுத்தி வைத்தே நிறமாலையைப் பெறலாம். அக்ரிலிக் எனின் 1730 அலையெண்ணுக்கு அருகில் எஸ்டரின் கார்பனைல் பட்டை உயர்ந்து நிற்கும். பாலிகார்பனேட்டில் அப்பட்டை 1770ஐ ஒட்டி நகர்ந்துவிடும். ஏபிஎஸ் என்பதை 2237க்கு அருகிலுள்ள நைட்ரைல் பட்டை காட்டிக்கொடுக்கும். வேறெந்தப் பட்டையும் நெரிசலிடாத அப்பகுதியில் அது தனித்து நிற்பதால் தவறவிடுவதற்கில்லை. பாலிபுரோப்பிலீனை 1376இல் உள்ள மெதில் பட்டையும், அதனோடு கலந்த மாக்கல் தூளை 1018ஐச் சூழ்ந்த அகன்ற பட்டையும் அடையாளப்படுத்தும்.

இவ்வளவில் நின்றால் வகையறிவு கிடைக்கும்; அதற்கு மேலில்லை. சென்னைச் சாலையில் ஒரு மணிநேரத்தில் கடக்கும் கார்களுள் பெரும்பாலானவற்றின் மோதுதாங்கி பாலிபுரோப்பிலீன் கலவையே. எனவே ‘இரண்டு துண்டுகளும் பாலிபுரோப்பிலீன்’ என்னும் முடிவு, ‘இருவரும் வேட்டி கட்டியிருந்தனர்’ என்னும் சாட்சியத்தைவிடப் பெரிதன்று. வேறுபாடுகளைக் காண மேலும் உள்ளே செல்ல வேண்டும். துண்டின் சிறு பகுதியை எரித்து எஞ்சும் கனிமத்தை எடையிடலாம். மாக்கல் தூள் எத்தனை விழுக்காடு என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். காற்றில்லா நிலையில் உயர்வெப்பத்தில் சிதைத்து, விளையும் வளிமங்களை நிறப்பகுப்பியல் கருவியிலும் நிறை நிறமாலைமானியிலும் செலுத்தலாம். அக்ரிலிக் இச்சோதனையில் ஏறத்தாழ முழுவதும் தன் மூல அலகாகவே பிரியும். அதனோடு மெதில் அக்ரிலேட்டோ எதில் அக்ரிலேட்டோ எவ்வளவு சேர்ந்திருந்தது என்பதும் அப்போது வெளிப்படும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு சிவப்புச் சில்லுகள் இவ்விடத்தில் பிரிந்து நிற்பதுண்டு.

வண்ணப்பூச்சின் அடுக்குகளும் நெகிழியின் கதையைச் சொல்லும். எஃகு உடற்பகுதிக்கு முதலில் மின்முறையில் படியவைக்கும் அடிப்பூச்சு இடுவர். மின்சாரத்தைக் கடத்தாத மோதுதாங்கிக்கு அது இயலாது. அதற்கு மாறாக, பாலிபுரோப்பிலீனில் வண்ணம் ஒட்டுவதற்குக் குளோரினேற்றிய பலபடி அடங்கிய ஒட்டுப்பூச்சைப் பயன்படுத்துவர். ஆகவே இறந்தவரின் ஆடையில் ஒட்டிய வெள்ளைச் செதில் ஒன்று, தான் கதவிலிருந்து வந்ததா மோதுதாங்கியிலிருந்து வந்ததா என்பதைத் தன் அடியடுக்கால் உரைத்துவிடும். மோதலின் திசையையும் உயரத்தையும் கணிக்க இது துணையாகிறது.

சென்னைக்கே உரிய இடர்கள் சிலவற்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஒன்று வெயில். பாலிகார்பனேட் மூடி புறஊதாக் கதிரால் மஞ்சளித்து, அதன் மேற்பரப்பில் ஆக்சிசனேற்றத்தால் புதிய பட்டைகள் தோன்றும். விபத்தன்று எடுத்த துண்டு காகித உறையில் இருட்டில் கிடக்க, கைப்பற்றிய வண்டி காவல் நிலைய வாயிலில் மாதக்கணக்கில் வெயிலில் நின்றால், ஒரே விளக்கின் இரு பகுதிகள் மேற்பரப்பு நிறமாலையில் வேறுபடக்கூடும். மேற்பரப்பைச் சுரண்டி உட்பகுதியை ஒப்பிடாத ஆய்வு, உண்மையான தொடர்பை இல்லையெனத் தள்ளிவிடும். மற்றொன்று, சாலையே ஒரு பழைய பொருள் கிடங்காக இருப்பது. தியாகராய நகரின் நெரிசல் மிக்க சந்திப்புகளில், முந்தைய உரசல்களின் சில்லுகள் நடைபாதை ஓரத்தில் எப்போதும் கிடக்கும். கிடைத்ததெல்லாம் அந்த விபத்தினுடையது எனக் கொள்வதற்கில்லை. மூன்றாவது புதுப்பேட்டை. உடைந்த விளக்கை ஒரே பகலில் மாற்றித்தரும் அச்சந்தையில் கிடைக்கும் பாகம், மூலத் தயாரிப்பாளரின் பாகமாகவோ, பிறர் செய்த மாற்றாகவோ, வேறொரு வண்டியிலிருந்து கழற்றியதாகவோ இருக்கலாம். கழற்றிய பழைய உடைந்த விளக்கு குப்பைக்குப் போய்விட்டால், பொருத்திப் பார்க்கும் வாய்ப்பும் அதனோடு போகிறது. அந்நிலையில் பொருத்துகொக்கியில் எஞ்சிய சிறு முறிவுகூட மதிப்புமிக்கது. புதிய விளக்கின் பின்னால் பழைய பிடியின் துணுக்கு ஒட்டிக்கொண்டிருப்பது அரிதன்று.

‘ஒத்துள்ளது’ என்னும் சொல்லின் எடை

நஞ்சு ஆய்வின் வினா ‘என்ன’ என்பது. நெகிழிச் சில்லின் வினா ‘எதனுடையது’ என்பது. முதல் வினாவுக்கு வேதியியல் தனித்து விடை தரும். இரண்டாவதற்கு வேதியியலோடு ஊரின் வாகனத் தொகையும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு துண்டுகளும் ஒத்திருக்கின்றன என்பதோடு, தற்செயலாக ஒத்துப்போகக்கூடிய பிற வண்டிகள் எத்தனை என்பதும் சேர்ந்தால்தான் சான்றுக்கு எடை உண்டாகும். ‘ஒத்துள்ளது’ என்று மட்டும் எழுதும் அறிக்கை, படிப்பவரின் மனத்தில் ‘அதே வண்டி’ என்று பதிந்துவிடும் அபாயம் மிகுதி. ஆய்வாளரின் நேர்மையில் இங்குக் குறை காண்பதற்கில்லை. 510ஆம் பிரிவின் வழிவந்த அறிக்கை மரபு ஒருவரிக் கருத்தை எதிர்பார்த்தது. ஆய்வாளரை நேரில் அழைத்துக் குறுக்கு விசாரணை செய்வதை விதிவிலக்காக்கியது. ஒப்பீட்டுச் சான்றுக்கு அம்மரபு போதாது.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இதே அறிக்கை இரண்டு மன்றங்களுக்குச் செல்கிறது. குற்றவியல் நீதிமன்றத்தில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். அங்கு வகையொற்றுமை போதாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலோ, எது நிகழ்ந்திருக்க வாய்ப்பு மிகுதி என்பதே அளவுகோல். பிம்லா தேவி வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. அக்ரிலிக்கின் நுண்கூறு ஒன்றுபடுதல், வண்ண அடுக்கின் வரிசை ஒன்றுபடுதல், அன்றிரவு அச்சாலையில் அவ்வண்டி சென்றதற்கான பிற சான்று ஆகிய மூன்றும் சேர்ந்தால் தீர்ப்பாயத்துக்கு அது போதுமானதாகலாம். குற்றவியல் நீதிமன்றத்துக்கு ஆகாமலும் போகலாம். ஒற்றைச் சொல்லில் முடியும் அறிக்கை இவ்விரு மன்றங்களுக்கும் பயன்படாது. ஒருபுறம் மிகையாகவும் மறுபுறம் குறையாகவும் அது வாசிக்கப்படும்.

தீர்ப்பாயத்தில் என்ன இழப்பு என்பதை எண்களால் காணலாம். மோதிய வாகனம் கண்டுபிடிக்கப்படாத மரணத்துக்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவு முதலில் வைத்த தொகை 8,500 ரூபாய். 1994இல் அது 25,000 ரூபாயாயிற்று. அதன்பின் ஏறத்தாழ 28 ஆண்டுகள் அத்தொகை அசையவில்லை. 2022 ஏப்ரல் முதல் நாளிலிருந்து 2 இலட்சம் ரூபாய். கடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். வாகனம் கண்டுபிடிக்கப்பட்டாலோ, 166ஆம் பிரிவின்கீழ் இறந்தவரின் வயது, வருமானம், சார்ந்திருப்போர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கிட்டு இழப்பீடு வழங்கப்படும். இளவயதினரின் குடும்பத்துக்கு அது பல மடங்காகும். நிலைத்தொகைக்கும் கணக்கிட்ட தொகைக்கும் இடையிலுள்ள அந்தத் தொலைவு, சில வழக்குகளில், சாலையில் கிடந்து பொறுக்கப்படாமல் போன சிவப்புச் சில்லின் விலையாகும்.

சேகரிக்கும் கடமை யாருடையது

2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டங்கள் தடய அறிவியலுக்குப் பெரும் இடம் தந்தன என்று பரவலாகப் பேசப்படுகிறது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கே சென்று சான்றுகளைத் திரட்ட வேண்டும் என விதிக்கிறது. ஐந்தாண்டுக்குள் மாநில அரசுகள் இதனை நடப்பாக்க வேண்டும்.

இந்த ஏழாண்டு வரம்பை நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவோடு சேர்த்துப் படித்தால் சிக்கல் தெரியும். கவனக்குறைவால் மரணம் விளைத்தலுக்கு முதல் உட்பிரிவு விதிக்கும் உச்ச தண்டனை ஐந்தாண்டு. பழைய 304-அ பிரிவின் இரண்டாண்டைவிட இது மிகுதியாயினும் ஏழை எட்டவில்லை. மோதிவிட்டுக் காவலருக்கோ நடுவருக்கோ தெரிவிக்காமல் தப்பிச் செல்வோருக்குப் பத்தாண்டு வரை விதிக்கும் இரண்டாம் உட்பிரிவு வரம்பைத் தாண்டுகிறது. ஆனால் 2024 ஜனவரியில் நிகழ்ந்த சரக்குந்து ஓட்டுநர் போராட்டத்தைத் தொடர்ந்து, பிப்ரவரியில் வெளியான அறிவிக்கையிலேயே அவ்வுட்பிரிவு மட்டும் நடைமுறையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது. ஓட்டுநர்களின் அச்சத்தில் நியாயம் இருந்தது. கூடிய கூட்டத்தின் அடிக்கு அஞ்சி விலகுவோரையும் குற்றத்தை மறைக்க ஓடுவோரையும் அப்பிரிவு போதிய அளவு பிரித்துக் காட்டவில்லை.

இதன் விளைவு விந்தையானது. குடிபோதையில் ஓட்டி, பிடிபட்டு, கொலையாகாத மரணம் விளைத்தல் என்னும் கடுமையான பிரிவில் வழக்குப் பதிவானால், வல்லுநர் நிகழ்விடத்துக்கு வரும் கடமை எழும். அங்கு வண்டியும் ஓட்டுநரும் ஏற்கெனவே தெரிந்தவர்கள். வண்டியே தெரியாத வழக்கு 106இன் முதல் உட்பிரிவில் பதிவாகிறது. அங்குக் கடமை எழுவதில்லை. சில்லின் உதவி எங்கு மிகத் தேவையோ அங்கு அதைப் பொறுக்கும் பொறுப்பு, இரவுப் பணியிலிருக்கும் போக்குவரத்துப் புலனாய்வுக் காவலரின் விருப்பத்துக்கும் பழக்கத்துக்கும் விடப்பட்டுள்ளது. தண்டனையின் அளவை வைத்து வரம்பிடாமல், குற்றவாளி அடையாளம் தெரியாத மரணம் எதுவாயினும் சான்று திரட்டல் கட்டாயம் என மாநில அரசு தன் நிலையாணையில் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் தடையேதும் இல்லை.

அதற்கு வல்லுநர்தாம் செல்ல வேண்டும் என்பதும் இல்லை. 1906இல் சென்னையில் அச்சான ஹான்ஸ் கிராஸின் கையேடு, புலனாய்வு அதிகாரி எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டிய ஒரு பையையும் அதனுள் இருக்க வேண்டிய பொருள்களையும் ஒன்றுவிடாமல் விவரிக்கிறது. வாகனச் சில்லுகளுக்கான இன்றைய பை அதைவிடச் சிறிது: ஒரு மென்தூரிகை, நெகிழிச் சேர்மங்கள் கலந்துவிடாதவாறு துண்டுக்கு ஒன்றாக மடித்த தூய காகித உறைகள், ஒளிப்படத்தில் அளவு தெரிய ஓர் அளவுகோல், துண்டு கிடந்த இடத்தை வரைய ஒரு சாலைப்படம், வண்டி பிடிபடும் நாளில் அதன் விளக்குப்பிடியைத் திறந்து பார்க்க ஒரு திருப்புளி.